தாலி கட்டும் காட்சி இல்லை

என் பெற்றோரின் கல்யாணப் படத்தை எடுத்தவர்
ஓர் இத்தாலிக்காரர்.
சொன்னால் பினாங்கில் யாரும் நம்புவதில்லை.
நம்புகிறவர்கள், எவ்வளவு வாங்கினார் என்கிறார்கள்.
நூற்றிருபது வெள்ளி, பாதி முன்பணம்.
மீதியை அப்பா சாகும்வரை கொடுக்கவில்லை.

பெயர் அர்மினியோ தோஸ்கெத்தி.
லிவோர்னோ ரயில் நிலையத்தில்
கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவரின் மகன்.
அதனாலோ என்னவோ
எந்த நொடியில் நாற்காலியை இழுக்க வேண்டுமென்பது
ரத்தத்திலேயே இருந்திருக்கிறது.
பத்தொன்பது சிரிப்புப் படங்கள். நாலு ஓடின.
இரண்டு மனைவிகள்,
இரண்டு விவாகரத்துக்கும் ஒரே வக்கீல்.

எழுபத்தாறில் இங்கே வந்தது பன்னிரண்டாவதை எடுக்க:
ரப்பர் தோட்டம் ஒன்று சொத்தாக வந்து சேர்ந்த
ரோமாபுரி முடிதிருத்துபவனின் கதை.
மூன்றாம் வாரம்
பசியாறிவிட்டு வருகிறேன் என்று போன தயாரிப்பாளர்
சிங்கப்பூரிலிருந்து தந்தி அடித்தார்.
கதாநாயகன் விமானம் ஏறினான்.
வாடகை பாக்கி யானை மட்டும்
யாருடையது என்று தெரியாமல்
ஆயர் ஈத்தாமில் நின்றது.

சூலியா தெரு விடுதிக்காரர் கூ ஆ லெங்
கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு
கேமராவை விட்டுவைத்தார்.
ஆக, நாலு மாதம்
காதுகுத்து, கடைத்திறப்பு,
ஒரு சீனக் கிழவரின் எழுபதாம் பிறந்தநாள்,
பிறகு நாங்கள்.

பதினொரு நிமிடம். ஊமைப்படம்.
முதலில் செருப்புகள். நாற்பது நொடி வெறும் செருப்புகள்.
ஒரு பையன் வந்து
தன்னுடையதைத் தேடாமல்
நல்லதாகத் தேடுகிறான்.
அடுத்து தங்கரத்தினம் மாமாவின் வாய் திறந்த தூக்கம்.
உள்ளே போகலாமா என்று ஈ யோசிக்கிறது,
கேமராவும் கூடவே யோசிக்கிறது.
மொய் எழுதுகிறவர்
நோட்டை எண்ணி, கொடுத்தவர் முகத்தைப் பார்த்து,
மறுபடி எண்ணுகிறார்.
அப்பா தலைப்பாகையை மூன்று தடவை சரிசெய்கிறார்.
மூன்றும் கோணல்.
தவில்காரர் கை ஓங்குகிறது.
கெட்டிமேளம், சத்தமில்லாமல்.

அப்போது படம் சாய்கிறது.
பந்தல், ஒரு துண்டு வானம்,
தலைகீழாய் ஒரு பழுப்புச் சப்பாத்து,
அட்சதை.
பின்னால் நகர்ந்த இத்தாலி
சீர்வரிசைத் தட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டது,
கல்கண்டும் ஒன்பது தேங்காயும் உருள.

நிமிரும்போது தாலி ஏறிவிட்டது.
அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
குனிந்த தலையெல்லாம் இல்லை.
முகம் அண்ணாந்து, பல் முழுக்கத் தெரிய,
புது மஞ்சள் கயிறு நெஞ்சில் குதிக்க,
ஆறு நொடி.

தாலி எங்கடா?
படம் போட்ட ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா கேட்டார்.
என் கழுத்துலதானே இருக்கு, பாருங்க, என்பாள் அம்மா.

தோஸ்கெத்தி கடனடைத்துப் போனார்,
மேலும் ஏழு எடுத்தார், கடைசி மூன்றை யாரும் பார்க்கவில்லை.
போன மாதம் இறந்தார், தொண்ணூற்றொரு வயது.
செய்தி மூன்றே பத்தி.
எங்கள் ஊர் அதில்
‘வீணாய்ப்போன ஒரு வருடம்’.

தேடியதில் ஐந்து படம் கிடைத்தது.
ஐந்திலும், பதவியேற்போ பாவமன்னிப்போ முதல் முத்தமோ,
சரியாக அந்த நொடியில் யாரோ விழுகிறார்கள்.
கேமரா விழுந்தவரைப் பார்ப்பதில்லை,
யார் சிரிக்கிறார்கள் என்று தேடுகிறது.

எங்கள் சுருளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன்.
சாய்வதற்கு இரண்டு ஃப்ரேம் முன்பே
அது அம்மா முகத்தை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கிறது.
அல்லது கை நடுங்கியிருக்கலாம்.
வெயிலில் நாலு மாதம், சரியான சாப்பாடு இல்லை.

லெபோ பசாரில் நாணயமாற்றுக் கடைக்குப் போனேன்.
அறுபது வெள்ளி, இத்தாலிக்கு.
அனுப்பும் கூலியே எழுபத்தைந்து என்றார்.
பரவாயில்லை என்றேன்.
பெறுபவர்: அந்த வக்கீலின் மகள், அவள் முகவரிதான் கிடைத்தது.
காரணம் என்று ஒரு கட்டம்.
கல்யாணச் செலவு என்று எழுதினேன்.
வாழ்த்துகள் என்றார்.